துறைத்தலைவருக்கு முன்னால்

அன்புள்ள சுலதாவுக்கு,

நம் கடையில் நானே கண்ணாடி ஊதிச் செய்த கருவியை வைத்துப் பேராசிரியர் சுகோமல் பரிசு வாங்கிவிட்டார். நான் நலம், உன் முட்டிவலி எப்படி? கொல்கத்தாப் பத்திரிகைகளில் அவர் படம். எனக்கு வயிறு எரிகிறது. பரிசு பெற்ற ஆராய்ச்சிக் கட்டுரையில் ஆறு பெயர்கள், கருவியைத் தொடாத துறைத்தலைவர் பெயர் உட்பட. எனக்குக் கடைசியில் ஒரு வரி நன்றி.

டீக்கடையில் சுகோமல், “டெல்லிக்காரன் ஆராய்ச்சிப் பணத்த வெட்டுறான். உழைக்கிறவனுக்கு இந்த நாட்டுல நியாயமே இல்ல, நிபாரண் பாபு” என்றார்.

“உங்க கட்டுரையில நியாயம் இருக்கா சார்?”

“கடைக்காரர் பேரப் போட்டா சிரிப்பாங்க.”

“அப்ப அடுத்த கருவிய அந்தச் சிரிக்கிறவங்ககிட்டயே வாங்கிக்குங்க.”

அவர் எனக்கு இன்னொரு டீ சொல்லிவிட்டுப் பேரத்துக்கு வந்தார்.

தனியாகச் சோறு இறங்கவில்லை, இலந்தை ஊறுகாய் அனுப்பு. ஊருக்கு வருபவர் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறார். பேசி முடித்தது இதுதான்: அடுத்த கருவி அவருக்கு அடக்கவிலைக்கு, அடுத்த கட்டுரையில் என் பெயர் மூன்றாவது, துறைத்தலைவருக்கு முன்னால்.

உன் நிபாரண்