பத்துக்குப் பத்து

உத்திரமேரூர்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஏஞ்சலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நான் அனுப்பும் குரல் செய்திகளை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாகப் போன வாரம் நீயே உளறிவிட்டாய். அதனால் இனிமேல் மின்னஞ்சலில் கடிதம்தான். இதை ஓட்ட முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும்.

உன்னுடைய கறவை மாட்டுப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். வீட்டிலிருந்தபடியே, கட்டணம் இல்லாமல், யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற விளம்பரத்தில் உன் படத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரே பஸ்ஸில் பள்ளிக்குத் தொங்கிக்கொண்டு போனவர்கள் நாம். நீ நாமக்கல்லில் கால்நடை மருத்துவப் பேராசிரியை. நான் வேதியியல் பட்டத்தைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருப்பவள்.

பொழுதுபோகாமல் சேரவில்லை. ஒரு தொண்டு நிறுவனம் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கால்நடைப் பயிற்றுநர் எடுக்கிறது. பட்டமும் வேண்டும், உன் படிப்பின் சான்றிதழும் வேண்டும். நாற்பத்தைந்து வயதில் என் பெயருக்கு ஒரு வேலை கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு குறை. பாடம் நடத்தும்போது ஏன் காமிராவுக்கு மேலே எங்கேயோ பார்க்கிறாய்? பஸ் வருகிறதா என்று பார்ப்பவளைப் போல இருக்கிறாய்.

உன்
இளவரசி

நாமக்கல்
29 ஆகஸ்ட் 2024

அன்பு இளவரசி,

பஸ்ஸைத்தான் பார்க்கிறேன். ஆளில்லாத அறை, ஒரு பச்சைத் திரை, எதிரே கண்ணாடி வில்லை. நான் சொல்வது புரிகிறதா என்று அது தலையாட்டுவதில்லை. முப்பதாயிரம் பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள் என்று கல்லூரியில் கேக் வெட்டினோம். இப்போது வாரக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறவர்கள் அதில் ஒரு சொச்சம்தான். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று யோசித்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

அதனால் உன் பெயர் கண்ணில் பட்டால் ஒரு சந்தோஷம். வாரா வாரம் பத்துக்குப் பத்து. ஆனால் அதில்தான் ஒரு சிக்கல். சீம்பால் பற்றிய பாடத்தில் ஒரு நான்கு நிமிடத் துண்டு உன் லாகினில் திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறது. நிறுத்தி, பின்னால் போய், மறுபடியும். கேள்விகளுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு ஒரு தப்பும் இல்லாமல் பதில் எழுதுகிறாய். வேறு யாரோ எழுதித் தருகிறார்களோ என்று தேர்வுக் குழுவுக்குச் சந்தேகம். படிப்பை நடத்துகிறவள் என்பதால் என்னைக் கேட்கிறார்கள்.

"நான் தனியாகத்தான் எழுதினேன்" என்று ஒரு வரி பதில் போடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
ஏஞ்சல்

உத்திரமேரூர்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள ஏஞ்சல்,

அந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

முதல் வாரம் உன் பாடத்தைக் கூடத்து டிவியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறைமோர் வாங்க வந்த எதிர்வீட்டுச் சொக்கம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இது நம்ம அருள்தாஸ் பொண்ணு இல்ல? டிவில இன்னா பண்ணிக்கினு கீது?"

"மாடு வளக்கறது எப்படின்னு பாடம் நடத்துறா."

"எனக்கா? நான் பொறந்ததுலேர்ந்து மாட்டுகிட்ட ஒதை வாங்கிக்கினு கீறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் பாடம் முடிகிற வரை எழுந்திருக்கவில்லை. அடுத்த நாள் பக்கத்து வீட்டு எல்லம்மாளை அழைத்து வந்தார். பால் ஊற்றிவிட்டு வருகிற பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து இப்போது பதினோரு பேர். கேள்வியை நான் சத்தமாகப் படிப்பேன். ஆளுக்கொன்று கத்துவார்கள். சண்டை போட்டு, சமாதானமாகி, எல்லோரும் ஒத்துக்கொண்ட பதிலை நான் அழுத்துவேன். இதில் தப்பிருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. வரகு புடைப்பதானாலும் வடாம் போடுவதானாலும் இந்தத் தெருவில் கூட்டமாகத்தான் செய்கிறோம்.

அந்த நான்கு நிமிடத்துக்கும் காரணம் சொக்கம்மாள்தான். கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும் என்றாய். "நஞ்சு வியறதுக்கு முன்னாடியா? ஆவாது. தாய் மாடு செத்துப்பூடும். இந்தப் பொண்ணு தப்பா சொல்லுது, திருப்பிப் போடு" என்றார். போட்டேன். "இன்னொரு வாட்டி." ஒவ்வொரு தடவையும் நீ அதையேதான் சொன்னாய்.

போன ஈற்றில் அவருடைய கன்று கழிச்சலில் செத்தது. இந்தத் தடவை மாடு ஈன்றதும் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. கன்றைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "அருள்தாஸ் பொண்ணு சொன்னது நெசந்தானா?" என்றார். ஆமாம் என்றேன். கன்றை மடியில் விட்டார். நஞ்சு பிறகு தானாக விழுந்தது. கன்று இப்போது அவர் வீட்டுச் செம்பருத்திச் செடியைச் சுற்றித் துள்ளிக்கொண்டிருக்கிறது.

நான் தனியாக எழுதவில்லை, ஏஞ்சல். அந்தப் பத்துப் பதிலில் எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் சான்றிதழ் எனக்கு வேண்டும். நீ எப்படியாவது சமாளித்துவிடுவாய் என்று நம்புகிறேன்.

உன்
இளவரசி

நாமக்கல்
9 செப்டம்பர் 2024

அன்பு இளவரசி,

உன் லாகினை ரத்து செய்துவிட்டார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை நீ தேர்வு எழுத முடியாது.

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் படித்தேன். கன்று வந்த இடத்தில் முகம் கழுவப் போக வேண்டியதாயிற்று. என் அப்பா சொக்கம்மாள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் எத்தனை வருஷம் சாணி அள்ளினார் என்பது உனக்குத் தெரியும். எனக்கும் அந்தக் கொட்டகையின் ஒவ்வொரு மூலையும் தெரியும். வீட்டுக்குள் எப்படியிருக்கும் என்று மட்டும் தெரியாது. அந்த வீட்டு அம்மா என் பேச்சை நம்பிக் கன்றை விட்டிருக்கிறார்.

அதனால்தான் கையெழுத்துப் போட்டேன். சான்றிதழைக் காட்டி நாளைக்கு நீ இன்னொரு ஊருக்குப் போவாய். அங்கேயும் ஒருத்தி கன்றைப் பிடித்துக்கொண்டு உன் முகத்தைப் பார்ப்பாள். அப்போது பக்கத்தில் அந்தப் பதினோரு பேர் இருக்க மாட்டார்கள்.

திட்ட வேண்டுமானால் திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே.

உன்
ஏஞ்சல்

நாமக்கல்
20 அக்டோபர் 2024

இளவரசி,

பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. குரல் செய்தியாவது அனுப்பு. சாதாரண வேகத்திலேயே கேட்கிறேன்.

ஜனவரியில் படிப்பு மறுபடி தொடங்குகிறது.

ஏஞ்சல்

உத்திரமேரூர்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள ஏஞ்சல்,

கோபம்தான். இல்லையென்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். தேர்வு நடந்த அன்றைக்குப் பரணில் இருந்த பித்தளை முழுவதையும் இறக்கித் தேய்த்தேன். பயிற்றுநர் வேலை மதுராந்தகத்துப் பெண் ஒருத்திக்குப் போய்விட்டது. "ஃபிரெண்டுன்னு சொல்லிக்கினு ஒரு கையெழுத்தைப் போடாம வுடக் கூடாதா?" என்றார் என் வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன். ஆனால் இரவு படுத்தால் நீ எழுதியிருந்த அந்தப் பெண்தான் கன்றோடு வந்து நின்றாள். அவளுக்கு என்ன சொல்வேன் என்று யோசித்தால் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று சொக்கம்மாள் வந்தார். புதுப் போனை நீட்டினார்.

"ஒம் பேர்ல எல்லாரும் ஏறி குந்திக்கினோம், வண்டி குடை சாஞ்சிப் போச்சி. எனக்குன்னு தனியா ஒண்ணு போட்டுக் குடு."

எனக்கும் அந்தப் பதினோரு பேருக்கும் தனித்தனியாகப் பெயர் பதிந்தேன். முதல் நாள் ஆளுக்கொரு போனோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி முன்னால் அழுத்த, ஒருத்தி பின்னால் அழுத்த, கூடத்தில் பதினோரு ஏஞ்சல்கள் ஒன்றாகப் பேச ஆரம்பித்தீர்கள். ஒரு வார்த்தை விளங்கவில்லை. "ஒரு அருள்தாஸ் பொண்ணே போதும், மத்ததை அணைங்கடி" என்று சொக்கம்மாள் அதட்டினார். பாடத்தைப் பழையபடி டிவியில்தான் பார்க்கிறோம். கேள்வி வந்ததும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறோம். எல்லம்மாள் அடுப்படியில். எனக்கு மாடிப்படி. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

சொக்கம்மாளுக்கு நாலு. எழுத்துக் கூட்டிப் படித்து, தானே அழுத்தி வாங்கிய நாலு. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

எனக்கு எட்டு. தெரியாத இரண்டும் எவை என்று இப்போது எனக்குத் தெரியும்.

சொக்கம்மாள் உனக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "கன்னுக்குட்டியை வந்து பாக்கச் சொல்லு. அப்படியே வூட்டுக்குள்ள வந்து குந்தி நாஷ்டா துன்னுட்டுப் போவச் சொல்லு."

பஸ் வருகிறதா என்று இனிமேல் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் எட்டு மார்க் மாணவி,
இளவரசி