ஜெனியின் நிச்சயதார்த்த கேக்

ஞாயிறு, இரவு

நாத்தனார் ஜெனிக்கு இன்று நிச்சயதார்த்தம். கேக் நான்தான் செய்தேன். ஓரமெல்லாம் க்ரீம் ரோஜா வைத்து முடித்து, இருவர் பெயரையும் எழுதப் போனபோது ஜெனி சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, பேரு எழுதாதீங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

"அத்தைகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஊரையே கூப்ட்டாச்சு, இப்ப இன்னா பேச்சுன்னு கேக்குது."

என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் தங்கை கல்யாணம் வேண்டாமென்று அழுவதைச் சொன்னேன். "நீ கேக்கு வேலைய மட்டும் பாரு" என்றார். அதற்குள் கூடத்திலிருந்து அத்தை குரல் கொடுத்தார்: "இன்னும் ஆவலையா? மாப்ள வூட்டுக்காரங்க புதுப்பட்டினம் தாண்டி வந்துகினு கீறாங்க."

எழுதினேன். ஜெனி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இதுவரை நான் எழுதியதிலேயே அழகாக வந்தது அதுதான். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். அவள் கேக்கை வெட்டி அந்தப் பையனுக்கு ஊட்டினாள், சிரிக்கவும் செய்தாள்.

இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது கேக் செய்யும் இந்த ஒரு பொழுதுபோக்குதான்.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணத்துக்கும் நீயே மூணு அடுக்கு கேக்கா செஞ்சுடும்மா" என்றார். ஜெனி எதிரில்தான் நின்றிருந்தாள். நான் சரியென்று தலையாட்டிவிட்டேன்.