முதலாளியின் நாற்காலி

திருப்பூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, ரேவதி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் முதலாளி நெஞ்சுவலியால் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். தினமும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "சாப்டாச்சாம்மா?" என்று கேட்ட பிறகுதான் மிஷினை ஓடவிடுவார். அதனாலேயே தையல் ஹாலில் எப்போதும் சிரிப்பாக இருக்கும்.

நேற்று அவர் நாற்காலியில் அவருடைய தம்பி வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்து யாரென்று கேட்டார். நான் என் பெயரைச் சொன்னேன்.

"பேரெல்லாம் எதுக்கு? இனிமே நீ நாப்பத்தொண்ணு" என்றார்.

எங்கள் போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். அதனால்தான் இந்தக் கடிதம். இன்று ஹாலில் ஒருவரும் பேசவில்லை.

நம் வத்தல்மலைச் சாமை அரிசி கொஞ்சம் அனுப்புங்கள். முதலாளி திரும்பி வந்ததும் கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன்.

ஹாஸ்டல் வார்டன் கூப்பிடுகிறார். தங்கச்சி பாரதியையும் இங்கே வேலைக்கு அனுப்பச் சொல்லியிருந்தேனே, அவளை அனுப்பாதீர்கள்.

உங்கள் மகள்,
ரேவதி