ஐந்து பாடத்துக்கும் ஒரே வரி

என் பிரியமான ஸ்டெல்லா அண்ணிக்கு,

நாத்தனார் வாயிலிருந்து பாராட்டா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நமக்கு ஒரே வயதுதான். முறைக்கு அண்ணியாகி, பள்ளிக்கூடத்திலும் பக்கத்து வகுப்பறையில் உட்கார்ந்து என்னோடு மல்லுக்கட்டியவர் நீங்கள். நீங்கள் போன பிறகு உங்கள் இரண்டாம் வகுப்பும் என் பொறுப்பாகிவிட்டது.

ஜூனில் நீங்கள் எழுதி ஒட்டிய கற்றல் இலக்குகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. தமிழில் தடுமாறாமல் வாசிக்க வேண்டும், கணக்கில் நீளம் அளக்க வேண்டும் என்று பாடத்துக்குப் பாடம் வேறுவேறு. ஆனால் ஐந்து பாடத்துக்கும் அடியில் ஒரே வரி: 'பிள்ளை தானாக ஒரு கேள்வி கேட்க வேண்டும்.'

பார்வையிட வந்த அதிகாரி, "என்னம்மா, ஒரே வரியை அஞ்சு தடவை எழுதிட்டீங்க?" என்றார். "தப்பில்லீங்க சார், தெரிஞ்சுதானுங்க எழுதினேன்" என்றீர்கள். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது அண்ணி? நானாக இருந்தால் அங்கேயே அழித்திருப்பேன்.

எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து வரும் பவித்ராதான் உங்கள் கவலை. எல்லாம் எழுதுவாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். சேலம் ஆஸ்பத்திரியில் கடைசியாக மூச்சு வாங்கியபோதும், "பவித்ரா ஏதாச்சும் கேட்டாளா ரோஸி?" என்றீர்கள். இல்லை என்று சொல்லித்தான் உங்களை அனுப்பினேன். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

நேற்று பிள்ளைகளிடம் பெஞ்சைச் சாணால் அளக்கச் சொன்னேன். வெளியே ஏற்காட்டுப் பனிமூட்டம், உள்ளே சந்தைக்கடைச் சத்தம். ஆளுக்கொரு விடை சொல்லிச் சண்டை போட்டார்கள். அப்போது யாரோ என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். பவித்ரா.

"ஏனுங்க டீச்சர், பெஞ்சு ஒண்ணுதானுங்களே, எப்படிங்க ஆளுக்கொரு கணக்கு வருது?"

விடை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உங்களை நினைத்து முழுங்கிக்கொண்டேன். "நீயே பாத்துச் சொல்லு சாமி" என்றேன். பெஞ்சை மறுபடி ஒருமுறை அளந்தாள். பிறகு பக்கத்துப் பிள்ளையின் உள்ளங்கையோடு தன் கையை ஒட்டிவைத்துப் பார்த்து, "இவ கை நொம்பப் பெருசுங்க டீச்சர்!" என்று கத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட ஆசிரியை அண்ணி நீங்கள்!

கேட்டாளா என்றீர்களே. கேட்டுவிட்டாள் அண்ணி.

வருகிற ஜூனில் நான் எழுதப்போகும் இலக்குகளிலும் அந்த வரி ஐந்து தடவை இருக்கும். அதிகாரி கேட்டால், "தப்பில்லீங்க சார்" என்பேன்.

இன்னும் சண்டை பாக்கி வைத்திருக்கும்
உங்கள் நாத்தனார் ரோஸி