கவருக்குள்ள வெச்ச கையெழுத்து

அன்புள்ள மகள் அஞ்சலிக்கு, அம்மா சொல்லச் சொல்ல பக்கத்து வூட்டு ரேஷ்மா எழுதறது. இங்க ஊரப்பாக்கத்துல நானும் அப்பாவும் தையல் மெஷினுங்க ஆறும் ஒரு கொறையும் இல்லாம கீறோம், புனேவுல நீயும் மாப்ளயும் அப்படியே இருக்கணும். இன்னா போன் பண்ணாம லெட்டர் போடறாளேன்னு பாக்காத, அந்த வேதசிரோமணி சார் காலைல வந்தா சாயங்காலம் வரைக்கும் கடையிலயே கீறாரு, நான் போன எடுத்தா அவரு காது இங்க வந்துடுது. நம்மள மாதிரி சின்ன கடைய பெரிய கம்பெனி கூட நின்னு பழக்கி கவர்மெண்ட் டெண்டர் எடுக்க வெக்கணும்னு ஸ்கீம் வந்துகீதுன்னு சொன்னேன்ல, அந்தக் கம்பெனி அனுப்புன ஆளு. பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் சொல்லித் தராரு. ஆஸ்பத்திரி பெட்ஷீட்டுக்கு ஓரம் எவ்ளோ மடிக்கணும், துணிய தண்ணில நனைச்சி சுருக்கம் பாத்துட்டுதான் வெட்டணும், எல்லாம் அவரு சொன்னதுதான். நாளைக்குப் போட்டிக்கு வரப்போறவளுக்கு எவனாவது இவ்ளோ பொறுமையா சொல்லித் தருவானா, அதான் எனக்கு அப்பவே உறுத்துச்சு. கோவிலம்பாக்கத்து ஞானம்மாளுக்கு மார்க்கெட்டுல மீன் கடை புடிச்சித் தரேன்னு ஒருத்தர் மாசக்கணக்கா அலைஞ்சாரே, கடைசில பாத்தா கடை அவரு மச்சான் பேர்ல, இவ இன்னும் வெளிய தட்டு வெச்சிகினு குந்திகினு கீறா. போன வாரம் அவ கிட்ட வாங்குன வஞ்சரம் அவ்ளோ நல்லா இருந்துச்சு, சரி அத வுடு.

திங்கக்கெழம சார் மெதுவா சொல்றாரு, "அம்மா, நீங்க நூறு பெட்ஷீட் தைச்சாப் போதும். மிச்சம் ஐயாயிரமும் எங்க மில்லுலேருந்து வந்துடும், லேபிள் மட்டும் உங்க பேரு." பொம்பளைங்க நடத்துற சின்ன கடைக்குன்னு ஒதுக்குன ஆர்டராம் இது, அவங்களால கேக்க முடியாது, அதுக்குத்தான் நான். ஆஸ்பத்திரில துணி கிழிஞ்சா யாரு பேரு கெடும்? கம்ப்யூட்டர்ல சொருகுனா என் கையெழுத்து உழுமே, பென்டிரைவ் மாதிரி ஒண்ணு, அதையும் தானே வெச்சிக்கறேன்னு கை நீட்டுனாரு. நானும் மூஞ்சில ஒண்ணும் காட்டாம குடுத்துட்டேன், அப்பா ஆட்டோல அம்மன் பாட்டு போடுவாரே, அந்த பென்டிரைவ. அவரு இன்னும் சொருகிப் பாக்கல. அப்பாதான் வண்டலூர் சவாரிக்குப் பாட்டு இல்லன்னு மொணகறாரு.

நெஜமானது இந்தக் கவருக்குள்ள ஜாக்கெட் துணில சுத்தி கீது. டெண்டர் இருபதாம் தேதி முடியுது. மொத்தமும் கேக்கணும்னு இல்ல, பிரிச்சும் கேக்கலாம்னு சார் ஒருநாள் வாய் தவறி சொல்லிட்டாரு. நம்ம ஆறு மெஷினு தைக்கிற அளவுக்கு மட்டும் கேட்டு, எல்லாத்தையும் படிச்சிட்டு, நீயே அங்கேருந்து போட்டுடு. வந்தா வரட்டும், வராட்டி போவட்டும்.

எல்லையம்மன் உங்க ரெண்டு பேருக்கும் துணை இருப்பா. மாப்ளய ப்ரஷர் மாத்திரைய நிறுத்த வேணாம்னு சொல்லு. அந்தக் கையெழுத்துக்கு உண்டான பாஸ்வேர்டு இதுல போடல. ரேஷ்மாவ நம்பலன்னு இல்ல, இதையும் அவதான் எழுதறா. ஞாயித்துக்கெழம கூப்புடு, யாரு காதுலயும் உழாம மெஷின ஓடவுட்டுகினு சொல்றேன்.

இப்படிக்கு உன் அம்மா,
செல்வம்மாள்