ஒரு விரல் குறைகிறது

வைகாசி, வெள்ளிக்கிழமை இரவு

அந்த டாய்லெட் சீட் கடைசிவரை பொருந்தவில்லை. பீங்கானில் உள்ள இரண்டு துளைகளின் இடைவெளிக்கு, புது சீட்டின் போல்ட்டுகள் ஒரு விரல் குறைகின்றன. ஒன்று இறங்கினால் மற்றது வெளியே நிற்கிறது. அழுத்தி அழுத்தி என் உள்ளங்கைதான் உரிந்தது.

தப்பு என்னுடையது. உடைந்த பழைய சீட்டைக் கடைக்கு எடுத்துப்போயிருக்க வேண்டும். காலையில் ராஜவீதியில் பெருமாள் புறப்பாடு. சாமிக்கு எதிரே கக்கூஸ் சீட்டோடு போவதா என்று கூசி, பட்டு நூலில் இரண்டு முடிச்சுப் போட்டு அளவெடுத்துப் போனேன். கடையில் நூலைத் தொய்வாகப் பிடித்துத் தொலைத்திருக்கிறேன்.

நாளைக் காலை ஏழு மணிக்குத் தம்பி அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வருகிறான். இடுப்பில் ஆபரேஷன். குந்தக் கூடாது, தாழ்வாகவும் உட்காரக் கூடாது. கடைக்காரருக்குப் போன் செய்து கெஞ்சினேன்.

"பத்து மணிக்குத்தாம்மா தொறப்பேன். பழசை எடுத்துக்கினு வா" என்றார்.

ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னபோது அழுதுவிட்டேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"வுடும்மா. சீட்டு சேரலன்னு தம்பி சாயந்தரமே சொன்னான். அப்போலருந்து நான் தண்ணி குடிக்கல. நாளைக்கும் குடிக்காம இருந்துக்கறேன்."

பழைய சீட்டை வாசல் கதவில் சாய்த்து வைத்திருக்கிறேன். நாளையும் புறப்பாடு உண்டு. வரட்டும்.