மூன்றாம் அடியில் ஒரு பிழை

ரெக்ஸம்
9 மே 1956

அன்புள்ள நெஸ்டா அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இந்த ஆண்டு இசை விழாவில் துதிப்பாடல் மெட்டுப் போட்டிக்கு நான்தான் நடுவர். பதினோரு மெட்டுகள் வந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை என்று மேடையிலேயே சொல்லிப் பரிசை நிறுத்திவிட்டேன். கூட்டம் முணுமுணுத்தது, முணுமுணுக்கட்டும். ‘மலைச்சாரல்’ என்ற புனைபெயரில் வந்ததுதான் கடைசிவரை தாக்குப்பிடித்தது. ஆனால் மூன்றாம் அடியில், தனித்தனி வழியில் போகவேண்டிய அடிக்குரலும் நடுக்குரலும் ஐந்து சுரம் தள்ளி ஜோடி போட்டுக்கொண்டு நடக்கின்றன. முதல் வகுப்பிலேயே இதற்குக் குட்டு விழும். ‘பாமரத்தனம்’ என்று எழுதினேன். நம் வீட்டில் வளர்ந்தவன் தரத்தை விட்டுக்கொடுக்க முடியுமா?

அன்புத் தம்பி
மெய்ரிக்

டோல்கெத்லாய்
14 மே 1956

அன்புள்ள தம்பி,

மூட்டு வலிக்கிறது. உன் கடிதம் அதைவிட வலித்தது. மலைச்சாரல் நான்தான்.

பரிசுக்காக அழவில்லை. அந்த இடத்தைத் தெரிந்தேதான் அப்படி எழுதினேன். திருத்தியும் பார்த்தேன், மெட்டு செத்துப்போயிற்று. பால் வண்டி ஓட்டும் இத்தலுக்கு சுரம் வாசிக்கவே தெரியாது. “அந்த எடம் வந்தா மட்டும் தொண்டை தானாத் தொறக்குதுக்கா” என்கிறான். நீ காகிதத்தைத்தான் பார்த்தாய், பாட்டைக் கேட்கவில்லை.

புதிய பாட்டுப் புத்தகத்துக்கு இந்த மெட்டைக் கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு வா. கேட்டபிறகும் பாமரத்தனம் என்றால் மெட்டைத் திரும்ப வாங்கிவிடுகிறேன். இனி எழுதவும் மாட்டேன். அங்கே உட்கார்ந்துகொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லாதே.

கோபத்திலும் உன் அக்காதான்
நெஸ்டா

ரெக்ஸம்
21 மே 1956

என் அக்காவுக்கு,

நேற்று வந்திருந்தேன். உன் கண்ணில் படாமல் மாடியில் கடைசி வரிசையில், கையில் பென்சிலோடு நின்றேன். பக்கத்தில் ஒரு தடியன். “ஏன் சார், பாட வந்தீங்களா, பரீட்சை திருத்த வந்தீங்களா?” என்றான். உன் இத்தல்தான் என்று பிறகு தெரிந்தது.

பாடினேன். மூன்றாம் அடியில் அந்த இரண்டு குரலும் ஒன்றாக எழும்பியபோது காலடியில் பலகை அதிர்ந்தது. அழுதுவிட்டேன். பரீட்சைத் தாளில் அதை இப்போதும் பிழை என்றுதான் போடுவேன். ஆனால் அந்தப் பிழை போனால் மெட்டும் போயிற்று. புத்தகத்தில் அப்படியே அச்சாகட்டும், ஒரு சுரத்தையும் எவனும் தொடக்கூடாது.

உன்மேல் இத்தனை பெருமையை மறைத்துக்கொண்டு, உன்னைப் பார்க்காமலே பேருந்து ஏறியது என் வீம்புதான்.

நீ ஆர்கனிலிருந்து கையை எடுத்த பிறகும் மனம் அடங்காமல் யாரோ கடைசிச் சரணத்தை மறுபடி எடுக்க, சபை முழுக்கச் சேர்ந்துகொண்டதே. யார் அது என்று நீகூடத் திரும்பிப் பார்த்தாய்.

எடுத்தது நான்தான், அக்கா.

உன்
மெய்ரிக்